அப்பா, நான், 156 ஸ்க்ரூ!

மரத்துல ஸ்க்ரூ போடுறதெல்லாம் ஒரு விஷயமான்னு கேக்குறீங்களா? ஹாஸ்டல்ல கிடக்கிற ஏதாவது ஒரு பலகையை எடுங்க. முனையிலிருந்து அரை இஞ்ச் தள்ளி ஒரு ஸ்க்ரூவை வெச்சு, தம் கட்டித் திருகுங்க. முக்கால்வாசி உள்ளே போனதும் ‘டிக்’னு ஒரு சத்தம் வரும். மயிரிழை மாதிரி ஒரு விரிசல் முனை வரைக்கும் ஓடியிருக்கும். அதுக்கப்புறம் பசை ஊத்தலாம், மரத்தூள் அடைக்கலாம், மேலே உங்க அபிமான ஹீரோ ஸ்டிக்கர் கூட ஒட்டலாம். ஆனா பிளந்தது பிளந்ததுதான்!

எங்கள் வீட்டில் அந்த ‘டிக்’ சத்தத்துக்கு எல்லோருமே பயந்தோம். காரணம் இருக்கிறது.

என் அப்பா ஆசாரி. கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. 30 வருஷமாகக் கதவு, ஜன்னல், கட்டில், மேசை என்று ஊரில் பாதி வீடுகளுக்குள் அப்பாவின் கைவேலை இருக்கிறது. அவர் செய்த மேசையில் தேடினாலும் ஓர் ஆணி கிடைக்காது. ஒரு மரத்தில் சதுரமாகக் குழி எடுப்பார். இன்னொரு சட்டத்தின் முனையை நாக்கு மாதிரி செதுக்குவார். நாக்கைக் குழிக்குள் வைத்துக் கொட்டாப்புளியால் நாலு தட்டு. அவ்வளவுதான், அதைப் பிரிக்கணும்னா மரத்தைத்தான் உடைக்கணும்!

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டு வேலையில் சாரத்திலிருந்து விழுந்தார். வலது தோள்பட்டையில் அடி. ஆபரேஷன் முடிந்து, “கை நல்லா அசையும். ஆனா சுத்தியல், கொட்டாப்புளி எல்லாம் மறந்துடுங்க” என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு மேசைக்குக் கால்களில் மட்டும் 8 குழி எடுக்கணும். ஒவ்வொரு குழிக்கும் உளி மேல் எத்தனை அடி என்று எண்ணினால் தலை சுற்றும். அப்பா தினமும் காலையில் திண்ணையில் உட்கார்ந்து உளிகளைத் தீட்டுவார், எண்ணெய் தடவித் துடைப்பார், மறுபடி பெட்டிக்குள் வைத்து மூடுவார். வேலை இல்லாத உளி எதுக்கு தினமும் தீட்டணும்னு அம்மா கேட்கவே இல்லை. நானும்தான்.

நான் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். (ஆமாங்க, பொண்ணுதான். ‘மெக்கானிக்கலா?’ன்னு புருவத்தைத் தூக்குறவங்க லைன்ல நில்லுங்க!) போன வருஷம் செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, தெருப் பசங்க வீட்டுக்கு வந்தார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாயங்கால டியூஷன் நடத்துகிறவர்கள். தரையில் உட்கார்ந்து எழுதுகிற பிள்ளைகளுக்கு 6 மேசை வேணும். வசூல் பண்ணின காசில் ரப்பர் மரப் பலகை ஏற்கெனவே வாங்கியாச்சு. “மாமா, நீங்கதான் செஞ்சு தரணும்” என்றார்கள். அப்பா தோளைத் தடவிக்கொண்டே, “பாக்கலாம்” என்றார். எங்கள் வீட்டில் ‘பாக்கலாம்’ என்றால் ‘முடியாது’ என்று அர்த்தம்.

அன்று ராத்திரிதான் நான் பாக்கெட் ஸ்க்ரூ பற்றிச் சொன்னேன்.

அது என்ன பாக்கெட்?

சட்டைப் பை மாதிரியேதான். ஒரு பலகையின் முனைக்குக் கொஞ்சம் பின்னால், உள்பக்கத்தில், சாய்வாக ஒரு பள்ளம் துளைப்பது. சாய்வு 15 டிகிரி. ஸ்க்ரூ அந்தப் பைக்குள் போய், சாய்ந்தபடியே முனை வழியாக வெளியே வந்து, பக்கத்துப் பலகையைக் கடித்துக்கொள்ளும். ஸ்க்ரூவின் தலை பைக்குள் ஒளிந்துகொள்ளும். குழி வேண்டாம், நாக்கு வேண்டாம், முக்கியமாகக் கொட்டாப்புளி வேண்டாம்.

சாய்வாகத் துளைக்க ‘ஜிக்’ என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. பலகையை அதில் பிடித்துவிட்டால், டிரில் பிட் சரியான கோணத்தில் தானாகவே இறங்கும். அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்தைச் சேர்ந்த கிரெய்க் சோமர்ஃபெல்ட் என்பவர் தன் வீட்டுச் சமையலறை அலமாரிகளுக்காக 1986-ல் செய்துகொண்ட கருவியிலிருந்துதான் இன்றைக்குக் கடைகளில் கிடைக்கும் ‘கிரெக்’ ஜிக் வந்தது. எங்கள் காலேஜ் சீனியர் ஒருத்தரிடம் அந்த மாதிரி ஒன்று இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி இரவல் வாங்கி வந்தேன்.

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மக்ளே, இது நல்ல சாமானந்தான். ஆனா ஸ்க்ரூ போட்டா மரம் பிளந்து போவும். நான் எத்தன பாத்திருக்கேன்! ஊரு காசுல வாங்குன பலக. அளந்து வாங்கிருக்கானுவ. ஒண்ணு பிளந்தாலும் பதிலுக்குப் பலக கெடையாது, கேட்டியா?”

நியாயமான பயம்தான். ஆனால், அதற்குப் பின்னால் இன்னொரு பயமும் இருந்தது. 30 வருஷத்தில் அப்பா கொடுத்த எந்த மேசையிலும் விரிசல் விழுந்ததாகப் பேச்சு கிடையாது. திரும்பி வந்து செய்கிற முதல் வேலையிலேயே அந்தப் பேச்சு வந்தால், அந்தப் பெட்டியை அவர் மறுபடி திறக்கவே மாட்டார். எனக்கு அது தெரியும்.

விளக்குமாறு தியரி

மரம் ஏன் பிளக்கிறது? தென்னை ஈர்க்கு விளக்குமாறு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையையும் பிடித்து இழுத்தால் ஒன்றும் ஆகாது. ஆனால், ஈர்க்குகளுக்கு நடுவே விரலை விட்டால் சுலபமாக ஒதுங்கிவிடும். மரமும் அப்படித்தான். நார்கள் நெடுக்காக ஓடுகின்றன. நாரின் நீளவாக்கில் மரத்துக்கு இருக்கிற பலம் பயங்கரம். நாருக்கும் நாருக்கும் நடுவே இருக்கிற ஒட்டு மட்டும் அதில் ஒரு சின்னப் பங்கு பலம்தான். அதனால்தான் விறகை எல்லோரும் நெடுக்காகப் பிளக்கிறோம்.

கூரான ஸ்க்ரூ உள்ளே போகும்போது, தனக்கு இடம் வேண்டி நார்களை இரண்டு பக்கமும் ஒதுக்குகிறது. அதாவது, குட்டி ஆப்பு! பலகையின் நடுவில் என்றால் முன்னும் பின்னும் நீளமாக ஓடும் நார்கள் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். முனைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஆளில்லை. விளக்குமாற்றின் விரிந்த முனை மாதிரி, ‘டிக்’.

நான் இதை நோட்டில் படம் போட்டு, அம்புக்குறி எல்லாம் இட்டு அப்பாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதுக்கா மூணு வருஷம் படிக்க?” என்றார். உள்ளே போய் ஒரு ஆணியை எடுத்து வந்தார். தலைகீழாகக் கல்லில் வைத்து, இடது கையால் சுத்தியலை எடுத்து, கூர்முனையில் லேசாக ஒரு தட்டு. முனை மழுங்கிவிட்டது. “முனையில ஆணி அடிக்கணும்னா இப்படித் தட்டிட்டுதான் அடிக்கணும். கூரு இருந்தா நார ஒதுக்கும். மழுங்குனா நார நசுக்கி வழி பண்ணிட்டுப் போவும். எங்க அப்பா சொல்லித் தந்தது.”

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. பாக்கெட் ஸ்க்ரூ ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்து, “முனையைப் பாருங்கப்பா” என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்த ஸ்க்ரூவின் முனையில், டிரில் பிட்டில் இருப்பது மாதிரி ஒரு சின்ன வெட்டு இருக்கும். அது நாரை ஒதுக்காமல் அறுத்து, தூளாக்கி வழி செய்துகொண்டு போகும். அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “இவனுக்கும் ஆணி முனையத் தட்டுற விஷயம் தெரிஞ்சிருக்கு” என்றார்.

பாதி கிணறு தாண்டியாச்சு!

வேணும்னே பிளந்தோம்

மீதிப் பாதிக்கு அப்பா ஒரு கண்டிஷன் போட்டார். நல்ல பலகையில் கை வைப்பதற்கு முன் துண்டு மரத்தில் செய்து பார்க்கணும். எப்போ பிளக்கும், எப்போ பிளக்காதுன்னு கண்ணால பாக்கணும். இதைத்தான் எங்க டிபார்ட்மென்ட்ல ‘டெஸ்டிங்’னு சொல்லி மார்க் போடுறாங்க!

ரப்பர் மரம் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் மாவட்டத்தில் ரப்பர் தோட்டங்கள் அதிகம். ஏறக்குறைய 25, 30 வருஷம் பால் எடுத்த பிறகு மரத்தை வெட்டிவிடுவார்கள். ஒரு காலத்தில் விறகுதான். பூச்சியும் பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும் என்பதால் யாரும் சீண்ட மாட்டார்கள். போரான் மருந்து ஏற்றிக் காய வைக்கும் முறை வந்த பிறகு அது நல்ல பர்னிச்சர் மரமாகிவிட்டது. ஓரளவு கடினமான மரம். அதனால், நெருக்கமான மரை கொண்ட ஸ்க்ரூதான் வாங்கினேன். பைன் மாதிரி மெதுவான மரத்துக்கும் பிளைவுட்டுக்கும் அகல மரை ஸ்க்ரூ நல்லா கடிக்கும். அதையே கடின மரத்தில் போட்டால் நாரைக் கிழித்துக்கொண்டு போகும்.

முதல் துண்டில் சாதாரண மர ஸ்க்ரூ. துளை எதுவும் போடாமல், முனையிலிருந்து அரை இஞ்சில். எதிர்பார்த்தபடியே ‘டிக்’.

இரண்டாவது துண்டில் அதே ஸ்க்ரூ. இந்த முறை மெல்லிய துளை போட்டுவிட்டுத் திருகினோம். தண்டு சமர்த்தாக உள்ளே போனது. கடைசிச் சுற்றில் தலை மேல்பக்கம் உட்காரும்போது விரிசல்! காரணம், அந்த ஸ்க்ரூவின் தலை புனல் மாதிரி அடியில் கூம்பியிருக்கும். இறுக்க இறுக்க அதுவே ஆப்பாகிவிடும். பாக்கெட் ஸ்க்ரூவின் தலை அடியில் தட்டையாக, வாஷர் வைத்த மாதிரி இருக்கும். அதற்கென்றே பிட்டும் இரண்டு தடிமனில் வரும். 9.5 மி.மீ. தடிமனான பகுதி பையைத் துளைக்கும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய பகுதி ஸ்க்ரூவுக்கு வழி போடும். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு சமதளப் படி விழும். தலை அந்தப் படியில் உட்கார்ந்து அழுத்தும், பிளக்காது.

மூன்றாவது துண்டில் பாக்கெட் ஸ்க்ரூ. ஆனால் பிட்டை அதிக ஆழத்துக்கு இறக்கி, பலகைகளைக் கிளாம்ப் போட்டுப் பிடிக்காமல், டிரில்லை முழு வேகத்தில் விட்டோம். படி மெலிந்துபோனதால் ஸ்க்ரூவின் தலை அதைப் பிய்த்துக்கொண்டு முன்னால் போய்விட்டது. பலகைகளும் ஒன்றை ஒன்று தள்ளி ஏறி இறங்கி நின்றன.

நாலாவது துண்டில் எல்லாமே ஒழுங்கு. பலகை 18 மி.மீ. என்பதால் ஜிக்கையும், பிட்டில் மாட்டும் நிறுத்து வளையத்தையும் அதே அளவுக்கு வைத்தோம். ஸ்க்ரூ நீளம் ஒன்றேகால் இஞ்ச். இணையும் இடத்தைக் கிளாம்பால் இறுக்கினோம். கிளாம்ப், பலகைகளை நகராமல் பிடிப்பதோடு, விரியப் பார்க்கும் நாரையும் அமுக்கிப் பிடிக்கிறது. ஸ்க்ரூ மரையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தோம். உராய்வு குறையும், சூடு குறையும். (சோப்பு தேய்க்கிற வழக்கமும் இருக்கு. அது ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், வேண்டாம்.) டிரில்லின் கிளட்சைக் குறைந்த எண்ணில் வைத்து, மெதுவாக ஓட்டி, கடைசி இரண்டு சுற்றைத் திருப்புளியால் கையாலேயே இறுக்கினோம்.

சத்தமே இல்லை. அப்பா குனிந்து காதை வைத்துக் கேட்டார். நகத்தால் முனையைச் சுரண்டிப் பார்த்தார். அப்புறம், “பலகையக் கொண்டு வா” என்றார்.

அப்பாவின் கண், என் கை

நான் டிரில் பிடித்தேன். எங்கே துளைப்பது என்பதை அப்பாதான் முடிவு செய்தார். ஒவ்வொரு பலகையையும் வெளிச்சத்தில் தூக்கி, நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, முடிச்சு எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பென்சிலால் புள்ளி வைப்பார். முடிச்சுக்குப் பக்கத்தில் நார் வளைந்து ஓடும், அங்கே ஸ்க்ரூ கூடாது. காலின் மேல் முனைக்கு நெருக்கமாகக் கூடாது, குறைந்தது ஒரு இஞ்ச் தள்ளித்தான். ஒரே காலில் இரண்டு பக்கச் சட்டமும் வந்து சேருவதால், இரண்டு பக்க ஸ்க்ரூவும் உள்ளே முட்டிக்கொள்ளும். அதனால் ஒரு பக்கம் மேலே என்றால் மறுபக்கம் சற்றுக் கீழே. எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல், புள்ளி வைக்கும்போதே இவ்வளவு கணக்கும் அவருக்கு ஓடியது.

பையைச் சட்டத்தின் முனையில் போட்டோம். ஸ்க்ரூ போய்க் கடிப்பது காலின் பக்கவாட்டில். ஏன்னா நாரின் குறுக்கே கடிக்கிற ஸ்க்ரூதான் நன்றாகப் பிடிக்கும். முனை நாருக்குள் போகிற ஸ்க்ரூ சீக்கிரம் தளரும். சந்தேகமான இடங்களில் கிளாம்ப் போட்ட பிறகு, நீளமான மெல்லிய பிட்டைப் பைக்குள் விட்டு, எதிர்ப் பலகையிலும் வழித்துளை போட்டோம். அந்தப் பிட் எவ்வளவு தடிமன்? ஸ்க்ரூவுக்கு முன்னால் பிட்டைப் பிடித்துப் பாருங்கள். நடுத்தண்டு மறைந்து, மரை மட்டும் இரண்டு பக்கமும் தெரிந்தால் அதுதான் சரியான அளவு.

மேல்பலகைக்கு 6 இஞ்ச் அகலப் பலகை மூன்றைப் பக்கவாட்டில் ஒட்டினோம். பசை தடவி, அடியில் ஒரு இணைப்புக்கு 5 பாக்கெட் ஸ்க்ரூ. மூன்றிலும் நார் ஒரே திசையில் ஓடுவதால் பிரச்னை இல்லை. ஆனால், அந்த மேல்பலகையைச் சட்டத்தோடு சேர்க்கும்போது அப்பா என் கையைப் பிடித்தார்.

“இங்க இறுக்கப்படாது மக்ளே. நம்ம ஊருல ரெண்டு மழை. மரம் மழைக்கு வீங்கும், வெயிலுக்குச் சுருங்கும். அசைய விடாமப் பிடிச்சு வெச்சா அது என்ன செய்யும்? பிளக்கும்.”

மரம் நீளவாக்கில் அனேகமாக மாறாது. அகலவாக்கில்தான் வீங்கிச் சுருங்கும். ஒன்றரை அடி அகலப் பலகை என்றால் சில மில்லிமீட்டர் வரை போகும். அதனால் மேல்பலகையைப் பிடிக்கும் ஸ்க்ரூக்களுக்குச் சட்டத்தில் வட்டத் துளைக்குப் பதில் நீள்வட்டத் துளை போட்டு, வாஷர் வைத்து மாட்டினோம். பலகை நகர இடம் இருக்கும். பிடியும் விடாது. ஸ்க்ரூ போடும் நேரத்தில் பிளக்காமல், மூணு மாசம் கழித்து நள்ளிரவில் தானாகப் பிளக்கிற மேசைகளுக்கு இதுதான் காரணமாம். எனக்கு அது வரைக்கும் யாரும் சொல்லித் தராத விஷயம்.

ஒரு மேசைக்கு 16-ம் 10-மாக 26 பாக்கெட் ஸ்க்ரூ. 6 மேசைக்கு 156. ஒரு ‘டிக்’ கூட இல்லை! கடைசி ஸ்க்ரூவை அப்பாவே இடது கையில் திருப்புளி பிடித்து இறுக்கினார்.

சும்மா சொல்லக் கூடாது, பாக்கெட் ஸ்க்ரூ சகலகலா வல்லவன் கிடையாது. அப்பாவின் குழி-நாக்கு இணைப்பு இதைவிட உறுதி. மேசை ஒரே இடத்தில் நிற்கும், தாங்கும். நாற்காலி அப்படியா? உட்காருகிறவர் பின்னால் சாய்வார், ஆட்டுவார், இரண்டு காலில் நிறுத்துவார். (கடைசி பெஞ்ச் மக்களே, உங்களைத்தான்!) அந்த ஆட்டத்துக்கு ஸ்க்ரூ மெதுவாகத் தளர்ந்துவிடும். இதை அப்பா சொன்னபோது நான் எதிர்த்துப் பேசவில்லை.

மேசைகள் போய்ச் சேர்ந்தன. தென்மேற்குப் பருவ மழையும் வடகிழக்கு மழையும் வந்து போயாச்சு. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அப்பா டியூஷன் நடக்கும் இடத்துக்குப் போய், ஆறு மேசையையும் அடியில் குனிந்து பார்த்துவிட்டு வருவார். பிள்ளைகள் சிரிப்பார்களாம். இதுவரைக்கும் ஒன்றிலும் விரிசல் இல்லை.

இப்போது அவர்களே 12 நாற்காலி கேட்டு வந்திருக்கிறார்கள். அப்பா இந்தத் தடவை ‘பாக்கலாம்’ என்று சொல்லவில்லை. எனக்குப் போன் போட்டார்.

“நாற்காலிக்கு ஸ்க்ரூ ஆகாது, குழி எடுக்கணும். நான் அளந்து கோடு போட்டு வெக்கேன். சனி, ஞாயிறு வந்து நீதான் உளி பிடிக்கணும். வருவியா?”

“எனக்கு உளி பிடிக்கவே தெரியாதேப்பா!”

“தீட்டித்தான் வெச்சிருக்கேன்” என்றார் அப்பா. “வா.”